மலையோடு முடியாத அம்பு

தென்மேற்குப் பருவக்காற்று நிலைகொண்டுவிட்டது, நல்ல மழை கிடைக்கும் என்று தொலைக்காட்சியில் மகிழ்ச்சியாக வாசித்தார்கள். அந்த நேரம் இங்கே கச்சான் என்னும் வறண்ட மேற்குக் காற்று முற்றத்து மண்ணை வாரி வீட்டுக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. மழை பெறும் ஊர்களின் பட்டியலில் கிழக்கு இல்லாததில் எனக்கு வருத்தமில்லை. எங்கள் மழை வாடையோடு வரும், மாரியில் வரும். மட்டக்களப்பில் வீசுவதும் அதே பருவக்காற்றுத்தான் என்று ஒரு வசனம் சொல்லக்கூடாதா?

பாடநூல் படத்தோடு எனக்கு ஒரு பழைய வழக்கு உண்டு. இலங்கைப் படத்தில் தென்மேற்கிலிருந்து தடித்த அம்புகள் வரும், மலைநாட்டில் முட்டும், அங்கே மழைத்துளிகள் வரைந்திருக்கும். அம்பு அதோடு முடிந்துவிடும். இந்தப் பக்கம் முழுவதும் வெறும் தாள். வாகரைப் பிள்ளையும் வெல்லாவெளிப் பிள்ளையும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பருவக்காற்றைப் படிக்கிறார்கள். வகுப்பு யன்னலைப் படபடவென்று அடிக்கும் காற்றுக்கும் அந்த அம்புக்கும் ஏதும் உறவுண்டு என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. காற்று மலையில் முட்டி மாய்ந்துபோகிற பொருளா?

அது எவ்வளவு தூரம் நடந்து வந்த காற்று! ஆனி, ஆடியில் ராஜஸ்தானும் பாகிஸ்தானும் கொதிக்கின்றன. அங்கே வளி சூடாகி விரிந்து மேலெழ, தரையில் அமுக்கம் குறைகிறது. அதே மாதங்களில் பூமியின் தென்பாதிக்குக் குளிர்காலம். மொரீசியஸுக்குத் தெற்கே கடலின்மேல் வளி கனத்து இறங்கி உயரமுக்கம் நிலைகொள்கிறது. அங்கிருந்து வடக்கே பாயும் காற்றை நேராக ஓடப் பூமியின் சுழற்சி விடாது. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இடப்பக்கமாகத் திருப்புகிறது, கோட்டைத் தாண்டியதும் வலப்பக்கமாகத் திருப்புகிறது. தென்கிழக்குக் காற்றாகப் புறப்பட்டது எங்களிடம் தென்மேற்காக வந்து சேர்வது இப்படித்தான். 1686இல் எட்மண்ட் ஹாலி இந்தக் காற்றுகளைப் படமாக வரைந்து, சூரிய வெப்பத்தைக் காரணமாகச் சொன்னார். சுழற்சியைக் கணக்கில் சேர்த்து 1735இல் எழுதியவர் ஜோர்ஜ் ஹாட்லி. அரபு மாலுமிகள் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இதை நம்பிப் பாய் விரித்தவர்கள்.

கடலில் குடித்த ஈரத்தோடு அது மலை ஏறுகிறது. மேலே அமுக்கம் குறைவு. வளி விரிகிறது, குளிர்கிறது, ஈரம் நீராகிறது. ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும் வட்டவளை மழையில் பெரும்பங்கு இந்தக் காற்றின் கொடை. ஆவி நீராகும்போது தனக்குள் இருந்த வெப்பத்தைக் காற்றிடம் விட்டுவிடுகிறது. அதனால் மழை பொழிந்தபடி ஏறும் காற்று ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் ஏறக்குறைய 5 பாகைதான் குளிர்கிறது. இந்தப் பக்கம் இறங்கும்போது அமுக்கம் கூடி அது சுருங்குகிறது. உலர்ந்துவிட்டபடியால் ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் ஏறக்குறைய 10 பாகை சூடாகிறது. மலைக்கு அப்பால் நனைந்த தேயிலையின் வெப்பம்தான் இங்கே எங்கள் முகத்தில் அடிக்கிறது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் பருவக்காற்றை எப்படிக் கற்பிக்க முடியும்?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை விவசாயிக்கு இது பாடமல்ல, பிழைப்பு. உன்னிச்சைக் குளத்து நீரை நம்பி விதைத்த சிறுபோக வேளாண்மை பூக்கும்போது கச்சான் மூர்க்கமாக நின்றால் அவர் வயிறு கலங்கும். நெல் பூ விரிவது முற்பகலில். அந்த நேரம் வெப்பம் 35 பாகையைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுக் கதிர் பதராகிவிடும். வாவிக்குக் கிழக்கே கடலோரத்து எழுவான்கரைக்கு ஓர் ஆறுதல் உண்டு. வெயில் ஏறத் தரைமேல் அமுக்கம் இறங்கி, பிற்பகலில் கடற்காற்று கரையேறும். கல்லடியில் வியர்வை உலரும்போது வாவிக்கு அக்கரையில் வயல் இன்னும் கச்சானின் பிடியிலேயே இருக்கும். கச்சான் பலத்தால் சில நாட்களில் கடற்காற்று கரையிலேயே தோற்றுவிடும்.

காரைதீவு, தம்பிலுவில், செட்டிபாளையம் என்று கண்ணகி அம்மன் கோயில்கள் தோறும் குளிர்த்தி பாடுவது வைகாசியில். மதுரையை எரித்தவளின் சினம் தணியட்டும், ஊர் குளிரட்டும் என்று பாடும் மாதத்தில்தான் இந்தக் காற்று நிலைகொள்கிறது. இதைத் தற்செயல் என்று என்னால் எண்ண முடியவில்லை. வெக்கையும் அம்மை நோயும் எப்போது வரும் என்று அறிந்தவர்களே அந்த நாளைக் குறித்தார்கள் என்று நம்புகிறேன்.

கிழக்கின் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். படுவான்கரையின் கொக்கட்டிச்சோலையில் ஒரு வெப்பமானி, எழுவான்கரையின் கல்லடியில் ஒரு வெப்பமானி. இரண்டையும் நிழலில் தொங்கவிட்டு, ஆனி முதல் ஆவணி வரை மணிக்கு மணி பிள்ளைகள் எழுதட்டும். கடற்காற்று தொட்ட நேரத்தையும் குறிக்கட்டும். அந்தக் கொப்பிகளை எனக்குக் காட்டுங்கள், இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.