‘பங்களாக்காரன்’ என்று துப்புவதற்கு முன்

போன வாரம் சுங்கைப்பட்டாணி காப்பிக்கடையில் ஒரு பெரியவர் சொன்னார்: “டவுனே பங்களாக்காரன் கையில போயிருச்சு தம்பி. தோட்டத்தயும் புடிச்சிட்டானுங்க.” மேசையில் இருந்த எல்லாரும் தலையாட்டினோம். நானும்தான். வீடு வரும்வரை அது உறுத்தியது.

கெடா தோட்டங்களில் நம் லயங்கள் காலியானது ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டவர்களாலும், நிலத்தை வீடமைப்புக்கு விற்றவர்களாலும். 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த நம் ஆட்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறினார்கள். அப்போது வங்காளதேசம் என்ற நாடே பிறக்கவில்லை.

இன்று செம்பனைக் காட்டுக்கு வருகிறவன் ஏஜெண்டிடம் கடன்பட்டு வருகிறான். பல இடங்களில் அவன் பாஸ்போர்ட் முதலாளியின் அலமாரியில் கிடக்கிறது. கப்பல் கூலியைக் கழிக்கவே நம் பாட்டன்கள் உழைத்த சஞ்சிக்கூலி முறை 1910இல் ஒழிந்ததாகப் படிக்கிறோம். ஆள் மாறியிருக்கிறது, கடன் கணக்கு அதேதான்.

நம்மை ‘கெலிங்’ என்றால் கொதிக்கிறோம். கொதிக்கத்தான் வேண்டும். 2020 கணக்கெடுப்பில் குடிமக்களில் 6.7 விழுக்காடாக இருக்கும் நாம், அதே வாயால் ‘பங்களா’ என்று துப்பினால் அந்தக் கொதிப்புக்கு என்ன மரியாதை?

அடுத்த வாரமும் அதே கடைக்குத்தான் போவேன். பெரியவரிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும்: “உங்கள லயத்த விட்டு எழுப்புனது யாருங்கய்யா?”