எந்த ஆட்டம் அதிகச் சிரமம்?

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை நம் வீட்டுத் திண்ணையில் ஒரு பெரும் விவாதம் மூண்டது. வந்திருந்த நண்பர்களில் ஒருவர் கால்பந்துப் பிரியர். மற்றவர் கிரிக்கெட் பக்தர்.

"கிரிக்கெட்டும் ஓர் ஆட்டமா? பாதி நேரம் நிற்பது; மீதி நேரம் சாப்பிடுவது!" என்றார் முன்னவர்.

"வெயிலில் ஐந்து நாள் நின்று பாரும் ஐயா, தெரியும்!" என்றார் பின்னவர்.

நியாயம் கூறும் பொறுப்பு நம் தலையில் விழுந்தது. இவ்விரண்டில் எதையும் நாம் ஆடியதில்லையாதலால், பாரபட்சமற்ற நீதிபதி என்று நம்மைக் கருதினார்கள் போலும்!

நாம் சாஸ்திரத்தைத் துணைக்கு அழைத்தோம். தேகம் படும் சிரமத்தை, அது செலவிடும் பிராணவாயுவைக் கொண்டு அளப்பது நிபுணர்களின் முறை. சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு ஆகும் செலவை 1 பங்கு என்று வைத்துக்கொண்டால், கிரிக்கெட் ஆடுபவருக்குச் சுமார் 5 பங்கு ஆகிறது. போட்டியில் கால்பந்து ஆடுபவருக்குச் சுமார் 10 பங்கு. குத்துச்சண்டை மேடையில் நிற்பவருக்கோ 12 பங்கு.

கால்பந்து நண்பர் மீசையை முறுக்கினார்.

ஆனால் இந்தக் கணக்கு ஒரு நிமிஷத்துக்கு ஆகும் செலவைத்தான் சொல்கிறது. கால்பந்து 90 நிமிஷத்தில் முடிந்துவிடும். தவிரவும், சூரிய பகவான் இந்தக் கணக்கில் சேரவில்லை. 1986-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் சென்னைச் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் 210 ஓட்டங்கள் எடுத்தார். எட்டு மணி நேரத்துக்கு மேல் நின்று ஆடினார். மைதானத்திலேயே வாந்தி எடுத்தார். ஆட்டமிழந்த பிறகு அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்து ஸலைன் ஏற்ற வேண்டியதாயிற்று. 5 பங்கு ஆட்டம் செய்த வேலை அது!

இப்போது கிரிக்கெட் நண்பர் முகம் மலர்ந்தது. நாம் வழக்கைத் தள்ளுபடி செய்தோம்.

அத்துடன் சபை கலைந்திருக்கலாம். ஆனால் கிரிக்கெட் நண்பர் எழுந்திருக்கும்போது, "எப்படியானாலும் ஓட்டப் பந்தயம் பெண்களுக்கு ஆகாது. என் பெண் பள்ளியில் ஓடிவிட்டுக் களைத்து வந்தாள், நிறுத்திவிட்டேன்" என்றார். அதுவரை எதிலும் ஒத்துப்போகாத கால்பந்து நண்பர், "நல்ல காரியம் செய்தீர்!" என்றார்.

நாம் அவர்களை மறுபடி உட்காரச் சொன்னோம்.

1908-இல் லண்டன் ஒலிம்பிக்கில் இத்தாலியரான டொராண்டோ பியத்ரி மாரத்தான் ஓட்டத்தின் முடிவில் பல முறை விழுந்தார். பிறர் தாங்கிப் பிடித்து எல்லைக் கோட்டைக் கடக்க உதவியதால் அவருக்குப் பரிசு இல்லாமற் போயிற்று. ஆயினும் உலகம் அவரை வீரர் என்று கொண்டாடியது. அரசி அலெக்ஸாண்ட்ரா ஒரு கிண்ணமும் வழங்கினார். ஆண்கள் மாரத்தான் ஓடலாகாது என்று ஒலிம்பிக்கார்கள் யாரும் தடை போட்டுவிடவில்லை.

1928-இல் ஆம்ஸ்டர்டாமில் பெண்கள் முதல் முறையாக 800 மீட்டர் ஓடினார்கள். இறுதிப் பந்தயத்தில் ஓடிய 9 பேரும் ஓடி முடித்தார்கள். ஜெர்மனியின் லீனா ராட்கே உலக சாதனையே நிகழ்த்தினார். முடிந்த பிறகு சிலர் புல்தரையில் சாய்ந்து மூச்சு வாங்கினார்கள். அவ்வளவுதான்! பெண்கள் சுருண்டு விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் அலறின. அந்தப் பந்தயத்தையே எடுத்துவிட்டார்கள். 1960-இல் ரோமாபுரியில்தான் அது திரும்பி வந்தது. 32 வருஷங்களில் எத்தனை பெண்களின் ஓடும் பருவம் கழிந்துபோயிற்று! பெண்களுக்கான ஒலிம்பிக் மாரத்தானுக்கோ 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆண் களைத்தால் வீரம், பெண் களைத்தால் பலவீனம் என்பது எந்த சாஸ்திரத்தின் அளவுகோல்?

நண்பர்கள் இருவரும் பதில் சொல்லவில்லை. நேயர்களுக்கும் நாம் சொல்வது இதுதான்: வெயில் தாழ்ந்த பிறகு பிள்ளைகளை விளையாட விடுங்கள், தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள். பெண் ஓடிக் களைத்து வந்தால் ஒரு டம்ளர் மோர் கொடுத்து உட்கார வையுங்கள். மறுநாளும் அவள் ஓடட்டும்.