பதிவுக் குரல் என்றாலே துண்டிப்பது நலமா?

பெரம்பலூர், அரியலூர் மாவட்ட விவசாயப் பெருமக்கள் பலரிடம் இப்போது ஒரு பழக்கம் காணப்படுகிறது. கைபேசியை எடுத்ததும் பதிவு செய்த குரல் பேசினால் உடனே துண்டித்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. களை வெட்டும்போது கடன் வேண்டுமா என்றும், மருந்து கலக்கும்போது மனை வேண்டுமா என்றும் ஓர் இயந்திரம் கேட்டால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்?

ஆயினும் இதில் நட்டமும் உண்டு. சென்ற புரட்டாசிப் பட்டத்தில் ஆலத்தூர் வட்டத்தில் ஒரு மக்காச்சோள வயலைப் பார்க்கப் போயிருந்தேன். படைப்புழு பெரிதாகிக் குருத்துக்குள் இறங்கி, எச்சத்தால் வாயிலை அடைத்துக்கொண்டு இருந்தது. இனி மருந்து உள்ளே எட்டாது. விதைத்த 15 முதல் 20 நாளுக்குள் குருத்தைப் பார்த்து, புழு சிறிதாக இருக்கையிலேயே தெளித்திருந்தால் கட்டுப்பட்டிருக்கும். "எச்சரிக்கை போன் வரவில்லையா?" என்றேன். "வந்திருக்கும் ஐயா, ரெக்கார்டு குரல்னாலே கட் பண்ணிடுவேன்" என்றார். 2018-இல் இதே புழு நம் பகுதி மக்காச்சோளத்தைப் பாழாக்கியதை அவர் மறந்தவர் அல்லர்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நிலைமை வேறு. சின்ன வெங்காயம் பிடுங்கியவர் மஞ்சள் பலகை போட்ட எஸ்.டி.டி. பூத்துக்கு வந்து, திருச்சி மண்டியில் விலை விசாரித்துவிட்டுத்தான் மூட்டை கட்டுவார். மீட்டரில் ரூபாய் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இரண்டு கேள்வியில் பேச்சை முடிப்பார். அழைத்தவரும் அவரே, காசு கொடுத்தவரும் அவரே. ஆகவே கேட்ட பதிலுக்கு மதிப்பு இருந்தது. கைபேசி மலிந்ததும் பூத்துகள் மறைந்தன. (அவற்றை நம்பியிருந்த மாற்றுத்திறனாளிகள் பலரின் பிழைப்பும் போயிற்று.) இன்று யார் யாரோ நம்மை அழைக்கிறார்கள்.

எங்கள் தரப்பிலும் பிழை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வேளாண் செய்தியைப் பதிவு செய்யும்போது வணக்கம், நிறுவனத்தின் பெயர், திட்டத்தின் பெயர் என்று நீட்டிக்கொண்டே போகிறோம். புழுவின் பெயர் வருவதற்குள் விவசாயி துண்டித்துவிடுகிறார். "ஆலத்தூர் மக்காச்சோளத்தில் படைப்புழு" என்பதே முதல் வரியாக இருத்தல் வேண்டும். ஒரே எண்ணிலிருந்து, வேலை முடிந்த மாலை நேரத்தில் வருதல் வேண்டும். இதைச் செய்யாமல் விவசாயி அக்கறையற்றவர் என்று கூட்டங்களில் பேசுவது எனக்கு உடன்பாடில்லை.

விவசாயிகள் செய்யக்கூடியதும் உண்டு. உங்கள் கைபேசியிலிருந்தே 1909-ஐ அழைத்து, விளம்பர அழைப்பு வேண்டாம் எனப் பதிவு செய்யலாம். அரசுச் செய்திகள் இதனால் நின்றுவிடமாட்டா. பிறகும் தொல்லை வந்தால், அழைப்பு வந்த 7 நாட்களுக்குள் அதே எண்ணில் புகார் தரலாம். 2025-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன் 3 நாளே அவகாசம் இருந்தது. 140 என்று தொடங்கும் எண் விளம்பரத்துக்கு உரியது. 1600 என்று தொடங்குவது அரசு, வங்கி போன்றவற்றின் சேவை அழைப்புகளுக்கு ஒதுக்கப்பட்டது. அது வந்தால் பத்து விநாடி கேட்டுப் பாருங்கள்.

எந்த எண்ணிலிருந்து வந்தாலும், ஓ.டி.பி. கேட்டால் சொல்ல வேண்டாம். "உங்கள் இணைப்பு இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கப்படும், 9-ஐ அழுத்தவும்" என்று தொலைத்தொடர்பு ஆணையத்தின் பெயரில் வருவது மோசடி. பி.எம். கிசான் தவணை என்று சொல்லி வாட்ஸ்அப்பில் அனுப்பும் செயலியைத் தொடவே கூடாது. பணம் போய்விட்டால் தாமதியாமல் 1930-ஐ அழைக்கவும்.

சந்தேகம் உங்களுடையதாக இருந்தால் நீங்களே அழைப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. பழைய பூத் வழக்கம் அது. 2004-இல் தொடங்கிய கிசான் கால் சென்டரின் எண் 1800-180-1551. காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழிலேயே கேட்கலாம், கட்டணம் இல்லை. பயிரின் வயதையும், கடைசியாக அடித்த மருந்தின் பெயரையும் ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டு அழைக்கவும்.