பழைய அமைப்புக்கே திரும்பி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்

மைசூரு மானசகங்கோத்ரி விடுதியில் எதிரறைத் தம்பி சென்ற வாரம் மகிழ்ச்சியோடு வந்தான். அசெட்டோ கோர்சா விளையாட்டில், ரசிகர்கள் உருவாக்கிய புத்த சர்வதேசப் பந்தயத் தடத்தில், முன்புற ஆன்ட்டி-ரோல் பாரைத் தளர்த்தியதால் சுற்றுக்கு முக்கால் நொடி குறைந்துவிட்டதாம். "பழைய அளவுக்கே மாற்றி மறுபடி ஓட்டினாயா?" என்றேன். "எதற்கு அண்ணா? வேகம்தான் கூடிவிட்டதே!" என்றான். வற்புறுத்தியபின் ஓட்டினான். பழைய அமைப்பிலும் ஏறத்தாழ அதே நேரம். இடைப்பட்ட நாற்பது சுற்றுகளில் தேறியது காரன்று, தம்பி.

காரின் சமநிலையைச் சீர்செய்யும் விளையாட்டாளர் பலரும் செய்யும் பிழை இதுவே என்பது என் கருத்து. தம் கை பழகியதன் பலனைக் காரின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். ஆய்வேட்டில் இப்படி எழுதினால் நெறியாளர் பக்கத்தைக் கிழித்துவிடுவார்.

தம்பியின் கோட்பாட்டில் பிழையில்லை. டயரின் மேல் பளு இரு மடங்கானால் பிடிப்பு இரு மடங்காவதில்லை. அதற்குக் குறைவாகவே கூடும். எனவே வளைவில் உட்சக்கரத்தின் பளு வெளிச்சக்கரத்துக்கு மாறும்போது அந்த அச்சின் மொத்தப் பிடிப்பு குறைகிறது. பார் விறைப்பாக உள்ள அச்சு இம்மாற்றத்தில் பெரும்பங்கை ஏற்கும். முன்புறத்தைத் தளர்த்தினால் அப்பங்கு பின்னே போய், அண்டர்ஸ்டீர் குறையும். வால் சற்றே வழுக்கும். ஆனால் எந்த வளைவில் எவ்வளவு ஆதாயம் என்பதைக் கோட்பாடு சொல்லாது. புத்த தடம் 5.125 கிலோமீட்டர், 16 திருப்பங்கள். மேட்டின் மேலுள்ள மூன்றாம் திருப்பம் மெதுவானது. அதன்பின் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நேர்பாதை. ஆகவே அங்கே வெளியேறும் பிடிப்பே முக்கியம். பத்தும் பதினொன்றும் இணைந்த நீண்ட வளைவோ வேறு குணம். மூன்றில் பெற்றதை அங்கே இழக்கலாம். (மெதுவான திருப்பத்துக்காக இறக்கையைத் திருகுவோரைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும், காற்றழுத்தம் வேகத்தில்தான் வேலை செய்யும்.)

பிறர் அமைப்பைப் பதிவிறக்கிக்கொள்வதிலும் எனக்கு உடன்பாடில்லை. எஃப்1 2011 விளையாட்டு 2011 செப்டம்பரில் வந்தது. புத்த தடத்தின் முதல் கிராண்ட் பிரி அக்டோபர் 30 அன்றுதான் நடந்தது. நரேன் கார்த்திகேயன் அங்கே போட்டியிடுமுன்பே வீட்டிலிருந்தவர்கள் அதில் ஓட்டிவிட்டார்கள். விளையாட்டில் கிடைக்கும் அமைப்பு அந்த மென்பொருளின் டயர்க் கணக்கிற்கும், அதை ஓட்டியவரின் கைக்கும் பொருந்தியது. உங்கள் கைக்கு அது பொருந்த வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது அதிகமில்லை. எரிபொருளும் தட வெப்பமும் மாறக்கூடாது. டயர் சூடாகும் முதல் இரு சுற்றுகளைக் கணக்கில் சேர்க்காமல் ஐந்து சுற்று. ஒன்றை மட்டும் மாற்றி ஐந்து. பழையதற்கே திரும்பி ஐந்து. மிகச் சிறந்த சுற்றை விட, ஐந்தும் எவ்வளவு நெருக்கமாக அமைந்தன என்பதைப் பாருங்கள். "விளையாட்டுக்கு இவ்வளவா?" என்று கேட்பவர்கள், முக்கால் நொடி குறைந்தது என்று அறிவிக்காமலாவது இருக்கலாம்.

தம்பி இன்று பிரேக் பயஸில் இறங்கியிருக்கிறான். இரண்டாம் தொகுதி முடிந்ததும் முகமலர்ச்சியோடு வந்தான். மூன்றாவதை முடித்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பிவிட்டேன்.