கடல் பாடம் ஏரிக்கரையில் தொடங்கட்டும்

கடலைப் பற்றிய கல்வி கடற்கரையோரப் பள்ளிகளுக்கு மட்டும் உரியதன்று. கடலைக் கெடுப்பவற்றில் பெரும்பகுதி நிலத்திலிருந்துதான் போகிறது. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் ஆறு மாநிலங்களின் நீர் கலக்கிறது. தொலைவில் உள்ள வயல்களின் உரச்சத்துகூட அங்கே பாசியைப் பெருக்குகிறது. பாசி மடிந்து அழுகும்போது நீரில் ஆக்சிஜன் குறைந்து, மீனும் நண்டும் வாழ முடியாத பகுதிகள் உருவாகின்றன. அதனால்தான் விரிகுடாவை மீட்பதற்கான 2014ஆம் ஆண்டு ஒப்பந்தம், அந்த வடிநிலத்து மாணவர்கள் தொடக்க, நடுநிலை, உயர்நிலைக் கட்டங்கள் ஒவ்வொன்றிலும் ஒருமுறையாவது நீர்நிலைக் கள ஆய்வில் ஈடுபட வேண்டும் என்பதையும் இலக்காக வைத்தது. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரும் அடையாறு வழியே வங்கக் கடலைத்தான் சேர்கிறது. வழியில் கலக்கும் கழிவுநீரும் குப்பையும் கூடவே போகின்றன. ஆகவே, கடல் பாடத்தை ஏரிக்கரையிலேயே தொடங்கலாம்.

நம் பாடநூல்களில் சுற்றுச்சூழல் பாடம் இல்லாமல் இல்லை. சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்க உச்ச நீதிமன்றம் 1991இலேயே உத்தரவிட்டது. ஆனால், மனப்பாடம் செய்த நீர்ச்சுழற்சிப் படத்தில் சாக்கடைக்கு இடமில்லை. ஏரியின் மதகருகிலும் கழிவுநீர் கலக்கும் இடத்திலும் எடுத்த நீரை ஒப்பிடும் மாணவர்தான், இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று கேட்பார். அறிவியல் அந்தக் கேள்வியில்தான் பிறக்கிறது.

பிள்ளைகளை நீர்நிலைக்கு அழைத்துச் செல்வது ஆபத்து என்ற அச்சம் நியாயமானது. நீரில் இறங்காமலே, ஆசிரியர் கயிறு கட்டி இறக்கும் வாளியில் நீர் எடுக்கலாம்; கையுறை அணிந்து பள்ளியில் சோதிக்கலாம். செலவும் பெரிதன்று: நீரின் தெளிவை அளக்கக் கறுப்பும் வெள்ளையும் பூசிய வட்டத் தட்டும் கயிறும் போதும். பாடத்தை முடிக்கவே நேரமில்லை என்பார்கள். அமிலத்தன்மை, கரைந்த ஆக்சிஜன், வரைபடம் எல்லாம் பாடத்தில் உள்ளவைதாமே. மாணவர்களின் அளவீடு துல்லியமாக இருக்குமா என்ற ஐயத்திலும் உண்மை உண்டு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வேலையை அவர்கள் செய்ய வேண்டியதில்லை. அதன் அறிக்கையைப் படித்துக் கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும். ஒரே நாள் பயணம் சுற்றுலாவாகவே முடியும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் ஆண்டுதோறும் அளக்க வேண்டும். அதற்குக் கால அட்டவணையில் நேரமும், செய்முறைத் தேர்வில் மதிப்பெண்ணும், ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் தருவது பள்ளிக் கல்வித் துறையின் பொறுப்பு.