வாசிக்காத புத்தகத்துக்காகச் சண்டை பிடிக்கிறோம்

கம்பஸ் கன்ரீனில் ஒரு பின்னேரம். எங்களில் ஒருத்தனிடம் அவனுடைய சைவ நண்பன் ஒரு கேள்வி கேட்டான். "மச்சான், இயேசுவின்ர கல்லறைக்கு விடியக் காலமை போனது எத்தினை பொம்பிளையள்? ஒரு சுவிசேஷத்தில ரெண்டு பேர், இன்னொண்டில மூண்டு பேர், யோவானில ஒராள்தான். இதில எது சரி?"

கேட்டவன் நக்கலுக்குக் கேட்கவில்லை. யூரியூப்பில் எதையோ பார்த்திருக்கிறான், குழம்பியிருக்கிறான், தெரிந்த கிறிஸ்தவப் பெடியனிடம் கேட்கிறான். எங்கட ஆளுக்கு முகம் சிவந்துவிட்டது. "விசுவாசம் இருந்தாத்தான் இதெல்லாம் விளங்கும்" எண்டு சொல்லி, பிளேன்ரீயைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பி வந்துவிட்டான். வந்து எங்களிடம், "அவன் எங்கட சமயத்தைக் கேவலப்படுத்திப் போட்டான்" எண்டான். நாங்களும் தோளில் தட்டி, நீ செய்தது சரி எண்டோம்.

அண்டைக்கு இரவு எங்களில் ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்: "சரி, உண்மையா அப்பிடியே இருக்கு?" எட்டுப் பேர் இருந்தோம். சிலர் கத்தோலிக்கர், சிலர் மெதடிஸ்த, ரெண்டு பேர் பெந்தெகொஸ்தே. மறைக்கல்வி, ஞாயிறு பாடசாலை எல்லாம் பரிசோடு முடித்த ஆக்கள். ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

இந்தக் கட்டுரை அந்த எட்டுப் பேருக்கு எதிரானது. அதாவது, முதலில் எங்களுக்கு எதிரானது.

நாங்கள் சொல்ல வருவது இதுதான். விசுவாசத்தைக் காக்கிறோம் எண்டு எங்கட இளையவர்கள் செய்கிற வேலையில் முக்கால்வாசி, வெறும் ரோசம். எங்கட பாடசாலையைப் பற்றி, எங்கட ஊரைப் பற்றி ஆராவது குறைவாகக் கதைத்தால் வருகிற அதே கோபம். அதுக்குப் பைபிளே தேவையில்லை. அட்டையில் சிலுவை இருந்தால் போதும்.

பேதுருவின் முதலாவது நிருபம் மூன்றாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். உங்கள் நம்பிக்கைக்குக் காரணம் கேட்கிற எவருக்கும் பதில் சொல்ல ஆயத்தமாக இருங்கள், ஆனால் அதைச் சாந்தத்தோடு சொல்லுங்கள் எண்ட கருத்து அங்கே இருக்கிறது. பதில் எண்ட இடத்தில் கிரேக்கத்தில் உள்ள சொல் 'அப்பொலோகியா'. நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவர் தன் பக்கத்தை எடுத்துச் சொல்லுவதற்குப் பாவித்த சொல். அங்கே கோபப்பட்டு எழும்பிப் போனால் வழக்குத் தோற்றுப்போகும். கன்ரீனில் எங்களுக்கு நடந்தது அதுதான்.

கொஞ்சம் வெட்கப்படுகிற ஒரு வரலாற்றையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் பைபிளை வரிக்கு வரி ஆழ்ந்து படித்த தமிழர்களைத் தேடினால், முன்வரிசையில் நிற்பவர் ஒரு கிறிஸ்தவர் இல்லை. நல்லூர் ஆறுமுக நாவலர். வெஸ்லியன் மிசனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியாரோடு சேர்ந்து பைபிளைத் தமிழாக்கும் வேலையில் வருடக்கணக்காக இருந்தவர். பிறகு 1854 இல் 'சைவதூஷண பரிகாரம்' எழுதினார். கோயிலையும் விளக்கையும் தீட்டு முறைகளையும் மிசனரிமார் பழித்தபோது அவர் கல்லெறியவில்லை. உங்கட யாத்திராகமத்தையும் லேவியராகமத்தையும் திறவுங்கோ, அங்கேயும் விளக்கு, தூபம், பலி, குருமாருக்குச் சுத்த விதிகள் எல்லாம் இருக்கே எண்டு அதே புத்தகத்தை வைத்து மறுத்தார். அவருடைய முடிவோடு நாங்கள் உடன்படவில்லை. ஆனால் லேவியராகமத்தை அவரளவுக்கு வாசித்தவர் எங்கட எட்டுப் பேரில் ஒருவரும் இல்லை.

அதே நல்லூரில் பிறகு இருந்தவர் சுவாமி ஞானப்பிரகாசர். சைவக் குடும்பத்தில் பிறந்து கத்தோலிக்கக் குருவானவர். கத்தோலிக்க விசுவாசத்துக்காக ஏராளமாக எழுதினார். சைவ சித்தாந்தத்தை மறுக்க முதல் அதைப் படித்தார், அதைப் பற்றியே நூல் எழுதினார். ஒருவர் மற்றவரின் நூலை விரித்து வைத்துக்கொண்டு வாதாடிய ஊர் இது. இப்ப நாங்கள் எங்கட நூலையே விரிக்காமல் வாதாடுகிறோம்.

வாசிக்காத ரோசம் எங்கே கொண்டுபோய் விடும் எண்டதுக்குத் தூரம் போகத் தேவையில்லை. 2019 மார்ச்சில், மகா சிவராத்திரிக்கு முதல் நாள், மன்னாரில் திருக்கேதீஸ்வரத்துக்குப் போகிற வழியில் கட்டிய அலங்கார வளைவை எங்கட ஆக்கள் பிடுங்கிப்போட்டார்கள். வீதி ஆருடையது, அனுமதி ஆர் குடுத்தது எண்ட வழக்குக்குள் நாங்கள் வரவில்லை. எங்களுக்குத் தெரிந்தது, அந்தக் காட்சியைப் பார்த்து எங்களில் சிலர் அண்டைக்குச் சந்தோசப்பட்டோம் எண்டதுதான். அயலவனுடைய திருவிழாவுக்கு முதல் நாள் அவனுடைய வளைவைப் பிடுங்கச் சொல்லி நாலு நற்செய்தியில் எந்த அதிகாரத்தில் இருக்கிறது? அதை ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை, கட்டுவப்பிட்டிய, மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பு ஹொட்டல்கள். 250 இற்கு மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். சீயோனில் செத்ததில் சின்னப் பிள்ளைகள் நிறையப் பேர். அந்தத் துயரத்தைப் பற்றி ஒருவருக்கும் பாடம் எடுக்க நாங்கள் வரவில்லை. ஆனால் அடுத்த கிழமைகளில் எங்கட போன்களில் என்ன போனது எண்டு எங்களுக்குத் தெரியும். சங்கீதத்தில் பழிவாங்கக் கேட்கிற வரிகளை வெட்டி எடுத்து, படத்தில் ஒட்டி, ஸ்டேட்டஸில் போட்டோம். நேற்றுவரை சாமான் வாங்கிய முஸ்லிம் கடையைக் காட்டி "அங்க போகாதேங்கோ" எண்டும் போட்டோம். வசனம் இருந்தபடியால் அது பக்தியாகத் தெரிந்தது.

137ஆம் சங்கீதத்தின் கடைசிப் பகுதி உண்மையிலேயே பயங்கரமானது. பாபிலோனின் குழந்தைகளுக்குக்கூடக் கேடு கேட்கிறது. அதை மறைக்கத் தேவையில்லை. ஊர் எரிந்து, ஆறுகளுக்குப் பக்கத்தில் அகதியாக இருந்து அழுத சனத்தின் குரல் அது. எங்கட சனத்துக்கு அந்தக் குரல் புதுசும் இல்லை. ஆனால் அதே பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட சனத்துக்கு எரேமியா ஒரு கடிதம் எழுதுகிறார். அது எரேமியா 29. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கிற அந்த நகரத்தின் நன்மைக்காக மன்றாடுங்கள் எண்டு சொல்லுகிறார். எந்த நகரத்தின் நன்மைக்காக? தங்களைச் சிறைபிடித்த நகரத்தின் நன்மைக்காக. சாபமும் மன்றாட்டும் ஒரே பைபிளில் இருக்கிறது. ஒண்டை மட்டும் வெட்டி எடுத்தவர்கள் நாங்கள்.

அந்த 29ஆம் அதிகாரம் உங்களுக்கு நல்லாத் தெரியும். ஏ.எல். ரிசல்ட்ஸ் வர முதல் எல்லோரும் அனுப்புகிற வசனம் அதில்தான் இருக்கிறது. கடவுள் உங்களைப் பற்றி வைத்திருக்கிற நினைவுகள் சமாதானத்துக்கானவை, கெடுதிக்கானவை இல்லை எண்டு வருமே, அந்தப் பதினோராம் வசனம். பத்தாம் வசனத்தை ஆரும் அனுப்புவதில்லை. அது எழுபது வருடம் எண்டு சொல்லுகிறது. கடிதத்தைக் கேட்ட பெரியாக்கள் பெரும்பாலும் பாபிலோனிலேயே செத்துப்போயிருப்பார்கள். அதுக்கு முதல் அதிகாரத்தில் அனனியா எண்டு ஒரு தீர்க்கதரிசி வருகிறார். ரெண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் எண்டு சொல்லிக் கைதட்டல் வாங்குகிற ஆள். எரேமியா அவரைப் பொய்யர் எண்டு முகத்துக்கு நேரே சொல்லுகிறார்.

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளிக்கிட்டு, முகாமில் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைக்கும் பிள்ளை பிறக்கும்வரை காணிக்காகக் காத்திருந்த குடும்பத்துக்கு, பத்தாம் வசனத்தோடு சேர்த்து வாசித்த பதினோராம் வசனம் ஆறுதல் தரும். தனியாக வெட்டிய பதினோராம் வசனம் லொத்தர் சீட்டு மாதிரி. ரிசல்ட்ஸ் பிழைத்தால் பிள்ளை கடவுளையும் சேர்த்துக் கிழித்துப்போடும். அப்படிக் கிழித்த ஆக்களை எங்களுக்குத் தெரியும்.

சரி, கன்ரீன் கேள்விக்கு வருவோம். தேடி வாசித்தோம். நண்பன் சொன்னது உண்மைதான். மத்தேயுவில் ரெண்டு மரியாள்மார். மாற்குவில் சலோமேயும் சேர்ந்து மூண்டு பேர். லூக்காவில் யோவன்னாளும் வேறு பெண்களும். யோவானில் மகதலேனா மரியாள் ஒருத்திதான் வருகிறாள். ஆனால் பேதுருவிடம் ஓடிப்போய்ச் சொல்லும்போது, தெரியாது எண்டு பன்மையில் சொல்லுகிறாள். நாலிலும் அவள் இருக்கிறாள். நாலிலும் முதல் சாட்சிகள் பெண்கள். பெண்களின் சாட்சியத்துக்குப் பெரிய மதிப்பில்லாத காலம் அது. லூக்காவில் அப்போஸ்தலரே அவர்கள் சொன்னதை நம்பவில்லை. கதை கட்டுகிறவன் இப்படிப்பட்ட சாட்சிகளைத் தெரிவு செய்வானா?

வித்தியாசங்களை ஒழிக்க வழியும் இருந்தது. இரண்டாம் நூற்றாண்டில் தாத்தியான் எண்டவர் நாலு நற்செய்தியையும் ஒரே கதையாகத் தைத்தார். 'தியாத்தெசரோன்' எண்டு பெயர். சிரியத் திருச்சபைகள் அதைத்தான் நீண்ட காலம் வாசித்தன. ஐந்தாம் நூற்றாண்டில் அதை விட்டுவிட்டு, முரண்களோடு உள்ள நாலு நூலுக்கே திரும்பின. பழைய சபை இந்தக் கேள்விக்குப் பயப்படவில்லை. வாசிக்காத நாங்கள்தான் பயந்தோம்.

"விசுவாசத்தை மூளைக்குள்ள அடைக்கப் பாக்கிறியள். எங்கட அம்மம்மா எழுத்து வாசிப்புத் தெரியாமலே பரிசுத்தமா வாழ்ந்தவ" எண்டு சிலர் சொல்லுவார்கள். எங்களில் ஒருத்தியின் அம்மம்மாவுக்கும் வாசிக்கத் தெரியாது. அதனால்தான் ஒவ்வொரு இரவும் சாப்பாட்டுக்கு முதல் பேரப்பிள்ளையை ஒரு முழு அதிகாரம் சத்தமாக வாசிக்க வைப்பா. இடையில் நிறுத்தினால் "முடிச்சுப் போட்டு எழும்பு" எண்டுவா. எங்களைவிடக் கூடுதலான பைபிள் அவவின் நெஞ்சில் இருந்தது.

இன்னொரு காரணத்துக்காகவும் முழுதாக வாசிக்க வேண்டும். இந்தப் புத்தகம் முதலில் எங்களைத்தான் விசாரிக்கிறது. யாக்கோபு ரெண்டாம் அதிகாரத்தில் பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல கதிரை குடுத்து, ஊத்தை உடுப்போடு வந்த ஏழையை நிக்க வைக்கிற சபையைப் பார்த்து ஒரு கேள்வி வருகிறது. திரித்துவத்தை விளங்கப்படுத்த இரவிரவாக வாதாடுகிற நாங்கள், வீட்டில் கலியாணப் பேச்சு வந்து "அவை எந்தப் பகுதி?" எண்டு கேட்கும்போது வாயைத் திறப்பதில்லை. திருவிருந்துக்கு ஒரே கிண்ணம், சம்பந்தத்துக்கு வேறு வேறு பந்தி. வெளியில் இருந்து எங்கட விசுவாசத்தைத் தாக்குகிற எந்த யூரியூப்காரனும் இந்தளவுக்கு அதை உடைக்கவில்லை.

இப்ப சனிக்கிழமை பின்னேரம் எங்களில் ஒருவருடைய வீட்டில் கூடுகிறோம். பெரிய முறை ஒண்டும் இல்லை. ஒரு அதிகாரம் முழுதாக, சத்தமாக. ஆர் ஆருக்குச் சொல்லுகிறார், முன்னுக்குப் பின்னுக்கு என்ன நடக்கிறது எண்டு பார்க்காமல் ஒரு வசனத்தையும் தூக்குவதில்லை. பழைய வேதாகமத்தையும் திருவிவிலியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறோம். ஒண்டில் 'கிருபை' எண்டு இருப்பது மற்றதில் 'அருள்' எண்டு வரும்போது அரை மணித்தியாலம் அதிலேயே போய்விடும். தெரியாவிட்டால் தெரியாது எண்டு சொல்லுகிறோம். வீட்டில் தனியாகத் தொடங்க நினைத்தால் மாற்குவை எடுங்கோ. பதினாறு அதிகாரம்தான். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் பஸ்ஸில் போய்ச் சேர முதல் முடிந்துவிடும்.

கன்ரீன் நண்பனிடம் எங்கட ஆள் திரும்பிப் போனான். முதலில் மன்னிப்புக் கேட்டான். பிறகு நாலு நற்செய்தியையும் மேசையில் விரித்து, தெரிந்ததைச் சொன்னான், தெரியாததைத் தெரியாது எண்டான். நண்பன் நம்பினானா? இல்லை. ஆனால் பிளேன்ரீ ரெண்டையும் குடித்து முடிக்கும்வரை இருந்தான். எழும்பும்போது, "பிலேமோனுக்கு எழுதின கடிதத்தில ஒரு அடிமையைத் திருப்பி அனுப்பினமாம், அது என்ன கதை?" எண்டு கேட்டான்.

வாற சனிக்கிழமை பிலேமோன் வாசிக்கிறோம். ஒரே ஒரு அதிகாரம்தான். நீங்களும் வாசித்து வையுங்கோ.