குசினிப் பக்கம்: கறுத்துப்போன யப்பான் கத்தி



வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். யப்பானில் வேலை பார்த்துவிட்டு வந்த தம்பி, கையால் அடித்துச் செய்த ஒரு சமையல் கத்தியைக் கொண்டுவந்து கொடுத்தாராம். விலை கூடியது. ஒரு கிழமை பாவித்ததும் அலகு நீலமும் கறுப்புமாக மாறிவிட்டது. "கூடாத இரும்பு, எறிந்துவிடு" என்கிறாராம் மாமி. தம்பியிடம் எப்படிச் சொல்வது என்று கவலைப்படுகிறார்.

எறிய வேண்டாம். அந்தக் கத்திக்கு ஒன்றும் ஆகவில்லை.

நாம் கடையில் வாங்கும் பளபளப்பான கத்திகளில் குரோமியம் நூற்றுக்குப் பத்துக்கு மேல் கலந்திருக்கும். அவை கறள் பிடிக்காததற்கு அதுவே காரணம். யப்பானியக் கொல்லர்களின் காபன் உருக்கில் குரோமியம் இல்லை, அல்லது மிகக் கொஞ்சம். காபன்தான் கூட. அதனால் அது மிகக் கடினமாகி, மெல்லிய கூரை நெடுநாள் தாங்கும். அதே கடினத்தால் உடையவும் கூடும் என்பதால், அநேகமான கத்திகளில் அந்த உருக்கை மெதுவான இரும்போடு சேர்த்து அடிப்பார்கள். ஒசாக்கா மாகாணத்திலுள்ள சக்காய் நகரம் இதற்குப் பேர்போனது. போர்த்துக்கேயர் கொண்டுசென்ற புகையிலையை அரிவதற்காக 16ஆம் நூற்றாண்டில் அங்கு கத்தி செய்யத் தொடங்கினார்கள். இன்றும் ஒருவர் அடிக்க, இன்னொருவர் கூர் தீட்ட, வேறொருவர் பிடி போடுகிறார்.

வெங்காயம், மாங்காய், தக்காளி ஆகியவற்றின் சாறு பட்டால் இந்த உருக்கு நிறம் மாறத்தான் செய்யும். அந்த நீலக் கறுப்புப் படை கத்திக்கு ஓரளவு காவல். அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்து எடுக்காதீர்கள். பயப்பட வேண்டியது செங்கறளுக்கு. வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். செம்மஞ்சளாக ஒட்டினால் அது கறள். அப்பச்சோடாவைச் சிறிது நீரில் குழைத்து, முள்ளங்கித் துண்டால் அந்த இடத்தை மட்டும் தேய்த்தால் போய்விடும்.

பராமரிப்பு என்பது பெரும்பாலும் துடைப்பதுதான். தேசிக்காய் வெட்டினால் உடனே துடையுங்கள். வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, அப்போதே உலர்ந்த துணியால் பிடியோடு சேர்த்துத் துடைத்துவிடுங்கள். "பிறகு கழுவலாம்" என்று தொட்டியில் போட்டால் போச்சு. விருந்தாளிகள் வந்த ஒரு நாளில் நான் அப்படிப் போட்ட கத்தி, விடியும்போது புள்ளி புள்ளியாகக் கறள் பிடித்துக் கிடந்தது. கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக் காற்றும் எதிரி. சில நாட்கள் பாவிக்காமல் வைப்பதானால் எண்ணெய் பூசுங்கள். யப்பானில் கமேலியா விதை எண்ணெய் பூசுவார்கள். நமக்குத் தேங்காய் எண்ணெய் ஒரு துளி போதும், எடுக்கும்போது கழுவிவிடுங்கள். தையல் மெசின் எண்ணெய் வேண்டாம், சாப்பாடு வெட்டுகிற கத்தி அல்லவா!

எலும்பு, மீன் தலை, ஐஸ் பிடித்த இறைச்சி எதையும் இதனால் வெட்ட வேண்டாம். கூரில் பல் விழும். அதற்கு வீட்டுக் கத்தி இருக்கிறது.

மழுங்கினால் சாணைக்காரரிடம் கொடுக்காதீர்கள். நம் அரிவாளுக்கு அவர் சரி. ஆனால் வேகமாகச் சுழலும் சில்லின் சூட்டில் இந்த மெல்லிய கூரின் கடினம் போய்விடலாம். 1000ஆம் இலக்கத் தண்ணீர்க் கல் ஒன்று வாங்கி, கால் மணி நேரம் நீரில் ஊறவிடுங்கள். ஈரத்துணி விரித்து அதன்மேல் கல்லை வைத்து, கத்தியின் முதுகை ஒரு சென்ரிமீற்றர் அளவு உயர்த்தி, அந்தச் சரிவு மாறாமல் முன்னும் பின்னும் தேயுங்கள். அவசரம் வேண்டாம். மறுபக்க ஓரத்தில் மெல்லிய பிசிறு விரலுக்குத் தட்டுப்படும்போது கத்தியைத் திருப்புங்கள். விரலைக் கூரின் நீளத்துக்கு இழுக்காமல், முதுகிலிருந்து வெளிப்புறமாகத் தடவிப் பாருங்கள். இருபுறமும் தீட்டும் கத்திக்குத்தான் இந்த முறை. ஒருபுறம் மட்டும் சரிவுள்ள மீன் கத்திக்கு வேறு முறை.

முதல் இரண்டு தடவை சரிவராமல் போகலாம். மூன்றாம் தடவை ஒரு பழுத்த தக்காளியை எடுத்து, அழுத்தாமல், மாமிக்கு முன்னாலேயே வெட்டிக் காட்டுங்கள்.